நேரில் ஆஜரான சலேத்தம்மாள்

அந்தப் புதன்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்பே, சங்குமணல் ஜெட்டியில் கட்டியிருந்த நாற்பத்தொரு விசைப்படகுகளில் நாற்பது படகுகள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கரையேறி, மீன் ஏலக்கூடத்தைச் சுற்றி, கோயில் தெரு வழியாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்துபோய்ப் பேரூராட்சி அலுவலகத்தின் முன்னால் வரிசையில் நின்றன என்று சொன்னால், அந்த ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, புதிதாகப் போட்ட சிமெண்ட் சாலைக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான். சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைநாளில் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து நடக்கிற பெண்களைப் போல, படகுகள் அடிமரத்தைத் தரையில் அழுத்தாமல், ஓர் ஓரமாக, மிகவும் பதவிசாகவே நடந்தன. வரச்சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது, வந்தன, இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்பது ஊரின் கருத்து. வியப்பாக இருந்ததெல்லாம் நாற்பத்தோராவது படகு வராததுதான்.

வராத படகின் பெயர் மரிய சலேத்தம்மாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் லொயோலா அதைக் கட்டுவித்து, அப்போது உயிரோடிருந்த தன் அம்மாவின் பெயரையே வைத்துக் கடலில் இறக்கினான். அதற்கு மூன்றாம் வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். படகு இருந்தது. லொயோலாவுக்குக் கடலில் கால் வைத்தாலே குமட்டும் என்பதால், ஐஸ் ஏற்றுவது, டீசல் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, ஏலக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்துவது எல்லாம் அவன் மனைவி பிரகாசியின் பொறுப்பாகி, பதினோரு வருஷம் மாமியார் சலேத்தம்மாளோடும், மாமியார் போன பிறகு பதினாறு வருஷம் படகு சலேத்தம்மாளோடும் மல்லுக்கட்டிய வகையில், ஒரே பெயரோடு இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்திய ஒரே பெண் அந்தக் கடற்கரையில் அவள்தான்.

அந்த வருஷம் மீன்பாடு இல்லை. வலையை இழுத்தால் சொறிமீனும் பாசியும் வந்தன. போகிற டீசலுக்குக்கூட வருகிற மீன் கட்டாமல் பாதிப் படகுகள் ஜெட்டியிலேயே கிடக்க, சலேத்தம்மாளுக்கு எஞ்சினும் இறுகிப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதில் தொழில் பார்த்த ஐந்து பேரும், வியாழக்கிழமைக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் கொல்லத்துப் படகுகளில் வேலைக்கு பஸ் ஏறிவிடுவதாக மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, பழைய படகுகளை வாங்கி உடைத்து விற்கிற பொன்பாண்டி வந்து, சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, புதன்கிழமை சாயங்காலம் லாரியோடு வருவதாகப் பேசி முடித்தான். அதற்குள் பேரூராட்சி நிவாரணம் கிடைத்தால் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கலாம், கிடைக்காவிட்டால் படகு விறகு. பிரகாசிக்கு இருந்தது இந்தப் புதன்கிழமை ஒன்றுதான்.

நிவாரணம் என்பது, தொழில் நொடித்த விசைப்படகுக்காரர்களுக்கு மீன்சந்தைக் குத்தகை வருமானத்திலிருந்து கொஞ்சம் உதவித்தொகை கொடுப்பதாகப் பேரூராட்சி மன்றம் போட்ட தீர்மானம். அதற்கு ஒரு விண்ணப்பம். சங்குமணலில் யாரும் தன் பெயரை எழுதிப் பழகியதில்லை. ஐஸ் கம்பெனிச் சீட்டிலும் டீசல் டோக்கனிலும் ஏலப் பலகையிலும் படகின் பெயர்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட ‘ஜெனோவா வீட்டார் அழைப்பு’ என்று படகின் பெயரைப் போட்டு அச்சடிக்கிற ஊர். ஆகவே நாற்பத்தொரு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே, பெயர் என்ற இடத்தில் படகின் பெயரையும், தந்தை பெயர் என்ற இடத்தில் படகைக் கட்டிய ஆசாரியின் பெயரையும், வயது என்ற இடத்தில் படகு தண்ணீர் பார்த்த வருஷத்தையும், உடலில் உள்ள அடையாளம் என்ற இடத்தில் ‘இடப்பக்கம் மூன்றாம் பலகையில் ஒட்டு’ என்பது போன்ற விவரங்களையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வாங்கிக்கொண்ட கிளார்க் கோமதிநாயகம் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். சங்குமணலுக்கு மாற்றலாகி வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஜெனோவா, நட்சத்திர மாதா, ஆரோக்கிய செல்வி என்று வரிசையாகப் படித்தவருக்கு இவர்களெல்லாம் உழைத்துக் களைத்த பெண்கள் என்றே தோன்றியது. அதிலும் இருபத்தேழு பெண்களைப் பெற்ற செல்லையா ஆசாரி என்கிற மனிதர்மேல் அவருக்கு ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது. அந்த மரியாதையோடு, ஒவ்வொருவருக்கும் ‘தாங்கள் புதன்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குள் நேரில் ஆஜராக வேண்டியது, தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும்’ என்று தன் கையாலேயே நோட்டீஸ் எழுதி அனுப்பினார்.

பத்து மணிக்கெல்லாம் ஊர் படகுகளுக்குப் பழகிவிட்டது. எதிர் டீக்கடைக்காரர் நட்சத்திர மாதாவின் நிழலில் இரண்டு பெஞ்சை எடுத்துப் போட்டார். ரேஷன் கடைக்கு வந்த பெண்கள், வரிசை அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று குழம்பி, ஆரோக்கிய செல்விக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்று, மண்ணெண்ணெய் கேட்டுத் திட்டு வாங்கினார்கள். போன மாதம் நடுக்கடலில் வலையறுப்புச் சண்டை போட்ட இரண்டு படகுகள் வரிசையில் முன்னும் பின்னுமாக வந்து மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதால் நடுவில் ஒரு ஆட்டோ போகிற இடம் கிடைத்தது, அதில் ஆட்டோக்களும் போயின. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து, எந்தப் படகிலும் நம்பர் பிளேட் வண்டிக்குரிய அளவில் இல்லை என்று குறித்துக்கொண்டு, யாரிடம் அபராதம் கேட்பது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார். உச்சி வெயிலில் பலகை காய்ந்து இணைப்பு விட்டுப்போகுமே என்று ஊர்ப்பெண்கள் குடத்தில் கடல் தண்ணீர் சுமந்து வந்து படகுகளின் விலாவில் ஊற்ற, தாசில்தார் அலுவலகத்து வரிசையில் நம்மளுக்கு இப்படி ஒருத்தர் ஒரு சொம்பு தந்ததுண்டா என்று ஒருத்தி கேட்டு, எல்லாரும் சிரித்தார்கள்.

பிரகாசி சிரிக்கவில்லை. வரிசையை இடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்து நின்றாள்.

“சார், எங்க போட்டு வரல.”

“நீங்க யாரும்மா?” என்றார் கோமதிநாயகம். காலையில் முதல் படகு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றபோது அவர் பேனாவைக் கீழே வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தில் உள்ள அடையாளத்தையும் மூன்றாம் பலகை ஒட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது, டிக் போட்டார். அதற்குப் பிறகு அவருக்கும் கஷ்டமாக இல்லை.

“நான் ஓனரு சார்.”

“ஓனர்னு இதுல யார் பேரும் இல்லையேம்மா. விண்ணப்பதாரர்தான் வரணும்.”

“அது வரமாட்டேங்குது.”

“உடம்புக்கு முடியலையா?”

“எஞ்சின் ஓடாது. ஆனா அதுக்காக இல்ல. ஜெனோவாவுக்குந்தான் எஞ்சின் ஓடாது, அது வந்து நிக்கல?”

“அப்ப என்ன காரணம்?”

“கோவம் சார்.”

கோமதிநாயகம் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து நிஜமாகவே புரட்டிப் பார்த்தார். “மருத்துவச் சான்று இருந்தா ஒரு வாரம் தள்ளிக் குடுக்கலாம். கோவத்துக்கு எடமில்லம்மா. அஞ்சே முக்காலுக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க.”

ஜெட்டியில் லொயோலா தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தான். வாடகைக்கு ஒரு டிராக்டர் பிடித்து, படகுக்கும் டிராக்டருக்கும் கயிறு கட்டி இழுக்கச் சொல்லியிருந்தான். படகு அசையவில்லை. கடைசியில் டிராக்டர்தான் பின்சக்கரம் முங்குகிற வரைக்கும் தண்ணீருக்குள் போயிருந்தது. டிராக்டர்காரன் அதன் மேல் ஏறி நின்று, தனக்குத் தெரிந்த எல்லாரையும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தொழிலாளிகள் ஐந்து பேரும் ஏலக்கூடத்துச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எம்மா, எம்மோ, ஒரு எட்டு வந்துட்டுப் போயிரும்மா” என்று லொயோலா படகின் விலாவைத் தடவிக் கெஞ்சினான். பிறகு பிரகாசியைப் பார்த்து, “ஏளா, அம்மாவப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே” என்றான்.

பிரகாசிக்குத் தெரியும். கூடப்பிறந்த தம்பி மகள் கல்யாணத்துக்கு, பத்திரிகையைத் தன் கையில் தராமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பதற்காக, ஊரே வேன் பிடித்துப் போனபோது தனியாக வீட்டிலிருந்து ஐந்து வகைக் கறி வைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டவள் சலேத்தம்மாள்.

“அந்த நோட்டீஸ யாரு வாங்குனது?” என்றாள் பிரகாசி.

“நாந்தான்.”

“வாங்கி?”

லொயோலா கடலைப் பார்த்தான். “சட்டப் பையில வச்சேன். நீ தொவைக்கப் போட்டுட்ட.”

“எல்லாரும் திங்கக்கிழமையே ஜெட்டிக்கு வந்து அவங்கவங்க போட்டுகிட்ட படிச்சுக் காட்டிட்டுப் போனாங்களே, நீங்க படிச்சீங்களா?”

“அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதேன்னு…”

“அதுக்குத்தான படிச்சுக் காட்டுறது! ஏங்க, நோட்டீசு காதுல விழல, பொன்பாண்டி சுத்தியல் மட்டும் விழுந்திருக்கு. பின்ன எப்படி வரும்?”

சங்குமணலில் ஒரு வீட்டைக் கூப்பிடுவதென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டு, கிண்ணத்தில் சந்தனம் வைத்து, வீட்டுக்காரி தானே சுமந்து போய், உட்காராமல், வாசலில் நின்றபடியே கூப்பிட வேண்டும். வருகிறோம் என்று பதில் வருகிறவரை தட்டைக் கீழே வைக்கக் கூடாது, கை மாற்றவும் கூடாது. பிரகாசி வீட்டுக்குப் போய்க் குளித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, தட்டோடு திரும்பி வந்து, ஜெட்டியின் கடைசிப் படியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றபோது மணி மூன்றரை.

“மாமி, பேரூராட்சி ஆபீசுல நிவாரணம் குடுக்காங்க. நீங்க அவசியம் வரணும்.”

அலை ஒன்று வந்து படியில் தட்டிவிட்டுப் போயிற்று. படகு சும்மா கிடந்தது.

“உங்க மவன் நோட்டீஸத் தொலைச்சிட்டாங்க. மனசுல வச்சிக்கிடாம வாங்க.”

ஒன்றும் இல்லை. நாலு மணி ஆயிற்று. தட்டு இரண்டு கிலோ கனத்திலிருந்து ஐந்து கிலோவாகி, ஐந்து கிலோவிலிருந்து அரை மூட்டையாகி, முழங்கையிலிருந்து தோள்வரை நரம்பு இழுத்தது. கொஞ்சம் பிடிக்கட்டுமா என்று கேட்டுவந்த லொயோலாவை அவள் ஒரு பார்வையிலேயே திருப்பி அனுப்பினாள்.

“பொன்பாண்டிய வரச்சொன்னது நாந்தான். அவங்க இல்ல” என்றாள், இந்த முறை மெதுவாக. “உங்களக் கேக்காமப் பேசுனது தப்புதான் மாமி. எனக்கு வேற வழி தெரியல. அஞ்சு குடும்பம் என் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கு.”

படகின் முன்பக்கம் எழுதியிருந்த பெயரில் ‘ம’ வெயிலில் உரிந்துபோயிருந்தது. அதற்கு மேலே ஒரு காகம் உட்கார்ந்து, பறந்தது. படகு அசையவில்லை. அந்த அசையாமையில் அத்தனை வருஷமும் அடுப்படிக்குள் விழுங்கிய எல்லாமும் பிரகாசியின் தொண்டைக்கு வந்துவிட்டது.

“கேக்காமச் செஞ்சேன்னு இம்புட்டுக் கோவம் வருதே, நீங்க என்னைக்காவது என்னயக் கேட்டு ஒண்ணு செஞ்சிருக்கீங்களா? எங் கல்யாணச் சேலைக்கு யாரு கலரு பாத்தது? பச்சை! எனக்குப் பச்சை புடிக்குமான்னு ஒரு வார்த்தை? எம் மூத்தவளுக்குப் பேரு வச்சது யாரு? எங்கம்மா வீட்டுக்கு நான் போற நாள யாரு பாத்துச் சொன்னது? உப்புப் போட்டு எறக்கி வச்ச கொழம்புல திரும்ப உப்புப் போட்டவுகதான நீங்க! கடைசி நாள்லகூட, ஆஸ்பத்திரியில, குளுக்கோசு ஏறிக்கிட்டிருக்கும்போது, அரிசிப் பானைய மூடுனியான்னு கேட்டீங்களே தவிர, நீ சாப்புட்டியான்னு கேட்டீங்களா? உங்களப் பாத்தது நான். இந்த போட்டப் பாத்ததும் நான். வருசா வருசம் பெயிண்டு அடிக்கது யாரு, உங்க மவனா? வாங்கன்னா வாங்க! இல்லன்னா இப்படியே கிடங்க, அந்த ஆளு வந்து பலகை பலகையாப் பிரிக்கட்டும். நான் அழமாட்டேன்!”

சொல்லிவிட்டு அழுதாள். தட்டைக் கீழே வைக்க முடியாததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. சுவரிலிருந்த ஐந்து பேரும் வேறு வேறு திசையைப் பார்த்தார்கள். டிராக்டர்காரன் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

அப்போது படகைக் கட்டியிருந்த கயிறு தானாகத் தளர்ந்து தண்ணீரில் விழுந்தது. சலேத்தம்மாள் ஒரு பெருமூச்சுப் போலக் கொஞ்சம் அழுக்குத் தண்ணீரை விலாவிலிருந்து வெளியேற்றிவிட்டு, படியேறினாள். பிரகாசி தட்டைப் பார்த்தாள். பழம் இருந்தது, கற்கண்டு இருந்தது, சந்தனம் இருந்தது. வெற்றிலையும் பாக்கும் மட்டும் இல்லை.

போகிற வழியில் சலேத்தம்மாள் அவசரப்படவில்லை. கோயில் வாசலில் நின்று ஒரு தரம் முன்பக்கத்தைத் தாழ்த்தினாள். மாதா கெபி முனையில் சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி வழிவிட்டார். அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. மற்ற படகுகளெல்லாம் வேலை முடிந்து, போவதற்கு மனமில்லாமல், ஊர்க்கதை பேசுகிறவர்களைப் போல அங்கங்கே நின்றுகொண்டிருந்தன.

கோமதிநாயகம் விண்ணப்பத்தை எடுத்தார். ஒட்டைச் சரிபார்த்தார். பிறகு வேறொரு பதிவேட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் செயல் அலுவலர் அம்மாவை அழைத்துவந்தார்.

“மேடம், ஒரு சிக்கல். இறப்புப் பதிவேட்டுல இவங்க பேரு இருக்கு. பதினாறு வருசத்துக்கு முன்னாலயே இறந்துட்டாங்க.”

செயல் அலுவலர் ஜன்னல் வழியாக வெளியே, ஐம்பது அடி நீளத்துக்கு நின்ற சலேத்தம்மாளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். ஓய்வு பெற நாலு மாதமே இருந்த அவர், இறந்தவர்கள் பெயரில் மாதாமாதம் முதியோர் உதவித்தொகை வாங்கிய வழக்குகளைப் பார்த்தவர்.

“வராதவங்க உயிரோட இருக்காங்கன்னு எழுதுனாத்தான் ஆடிட்டுல கேப்பாங்க” என்றார். “இவங்க வந்துட்டாங்களே. நேர்ல வந்தவங்கள எறந்துட்டாங்கன்னு எழுத நமக்கு அதிகாரம் கிடையாது. மேல போங்க.”

கோமதிநாயகம் மேலே போனார். இன்னும் ஒரே ஒரு கட்டம்தான். ‘விண்ணப்பதாரர் தொடர்ந்து தொழில் செய்ய விருப்பமுள்ளவரா?’ காலையிலிருந்து நாற்பது படகுகளும் இந்தக் கேள்விக்கு ஹாரன் அடித்தோ, முன்பக்கத்தை ஆட்டியோ பதில் சொல்லியிருந்தன. எஞ்சின் ஓடாத ஜெனோவாகூட எப்படியோ ஒரு முனகல் முனகியது.

“தொழில் செய்ய விருப்பமா?”

சலேத்தம்மாள் பதில் சொல்லவில்லை.

அதே நேரம் தெருமுனையில் பொன்பாண்டியின் லாரி வந்து, படகுகளுக்கு நடுவில் நுழைய முடியாமல் நின்றது. பொன்பாண்டி இறங்கி ஓடிவந்தான். “யக்கா, ஜெட்டிக்குப் போனா அங்க இல்ல, இங்க நிக்குது. நல்லதாப் போச்சு, ரோட்டுல வச்சே ஏத்திருவோம். ஆளு வந்திருக்கு, நேரமாகுது. ஒரு வார்த்த சொல்லுங்க.”

“அஞ்சு நாப்பது” என்றார் கோமதிநாயகம். “விருப்பமா இல்லையாம்மா?”

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிப் பழகியவள், யாரிடம் கேட்டாலும் தானே முந்திக்கொள்கிறவள், தெருவே பார்த்துக்கொண்டிருக்க வாயைத் திறக்காமல் நின்றாள். பிறகு, உப்பும் சிப்பியும் ஒட்டிய தன் முன்பக்கத்தை மெல்ல, மிக மெல்ல, மரம் கிறீச்சிட, ஜன்னலிலிருந்து திருப்பி, ஓரமாகத் தட்டோடு நின்ற பிரகாசியின் தலைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அசையவில்லை.

கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை. லொயோலாவுக்குப் புரிந்தது, அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பிரகாசிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், இருபத்தேழு வருஷத்தில் முதல் முறையாக அவளிடம் ஒன்று கேட்கப்படுகிறது என்பதாலோ என்னவோ, பதில் உடனே வரவில்லை. மூத்த மகள் தன்னோடு திருப்பூருக்கு வந்துவிடச் சொல்கிறாள். லாரியில் ஏற்றினால் நாளைக்குக் காலையில் டீசலுக்கு ஓட வேண்டாம், ஏலக்கூடத்தில் கத்த வேண்டாம். இதையெல்லாம் அவள் நிதானமாக ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. சுவர்க்கடிகாரம்கூடக் கொஞ்சம் பொறுத்தது போலிருந்தது.

“தொழிலுக்குப் போவாங்க சார்” என்றாள். “எழுதிக்கோங்க. நான் அனுப்புவேன்.”

முத்திரை விழுந்தது. ஐந்து பேரில் ஒருவன் விசிலடித்தான். பொன்பாண்டி லாரியைப் பார்த்தான், படகைப் பார்த்தான். “நல்லது யக்கா. ஆனா கூலியாளு ஆறு பேரக் கூட்டிட்டு வந்துட்டேன், ஆளுக்கொரு டீயாவது சொல்லுங்க” என்றான். டீயோடு வாழைப்பழமும் கிடைத்தது.

கோமதிநாயகம் விண்ணப்பத்தின் ஓரத்தில், ‘எஞ்சின் பழுது நீக்கத் தொகை அனுமதிக்கப்படுகிறது. காசோலை பெற நாளை விண்ணப்பதாரர் நேரில் வரத் தேவையில்லை, மருமகள் வந்தால் போதும்’ என்று எழுதினார்.

மற்ற படகுகள் முன்னால் போய்விட, கடைசியாகப் புறப்பட்டவள் சலேத்தம்மாள். பிரகாசி தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளோடு சேர்ந்து நடந்தாள். நாளைக்கு மெக்கானிக் வருவான், பிரிக்கும்போது மூஞ்சியைத் தூக்கக் கூடாது, பெயிண்ட் இந்த வருஷம் நீலம்தான், பச்சை கிடையாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்திலிருந்து மறுப்பு ஏதும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு முக்கில் ஆறே கால் திருச்செந்தூர் வண்டி வந்து, ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற சலேத்தம்மாளின் பின்னால் மாட்டி, ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“யாரும்மா அது, ரோட்ட அடைச்சிக்கிட்டு? கொஞ்சம் ஒதுங்கச் சொல்லு!”

பிரகாசி திரும்பிப் பார்த்தாள்.

“எங்க மாமி,” என்றாள். “மெதுவாத்தான் போவாங்க. பின்னால வாங்க.”